மூன்றாவது மாடிக்கு எந்த நாய்?

கேள்வி: மூன்றாவது மாடியில் இரண்டு பெட்ரூம் ஃபிளாட். ஹஸ்கிதான் வேண்டும் என்று மகள் அடம்பிடிக்கிறாள். வாங்கலாமா?
- வாசகி, வேளச்சேரி

பதில்: வேண்டாம் அம்மா. சைபீரியப் பனியில் வண்டி இழுத்த இனம் அது. உடம்பெல்லாம் இரட்டை அடுக்கு ரோமம். மே மாதத்தில் உங்களைவிட அதற்குத்தான் ஏசி அவசியம். கரன்ட் போனால் யார் விசிறுவது?

‘அப்படின்னா குட்டியா ஒரு பக்’ என்பாள் மகள். சப்பை மூக்கு அழகுதான், ஆனால் அந்த மூக்கால்தான் அது மூச்சுக்குத் திணறுகிறது. வெயிலில் ஒரு தெரு நடந்தாலே இரைக்கும். பீகிள் உருவத்தில் சின்னது. குரலோ வேட்டைக்காக வளர்த்த குரல், அடுத்த பிளாக்குக்கும் கேட்கும். சிப்பிப்பாறை வெயில் தாங்கும், ஆனால் ஓடியே தீர வேண்டிய கால்கள் அதற்கு.

என் ஓட்டு நம் நாட்டு நாய்க்கே. குட்டை ரோமம், நம் வெயிலுக்குப் பழகிய உடம்பு, தயிர் சாதம் வைத்தாலும் தட்டை நக்கி வைக்கும் குணம். விலை கொடுக்க வேண்டாம், தத்தெடுங்கள். தினமும் இரண்டு வேளை நடை கட்டாயம். ரேபிஸ் தடுப்பூசியும் மாநகராட்சி லைசென்ஸும் மறக்கக் கூடாது.

அசோசியேஷன் முறைத்தால் பயப்படாதீர்கள். பெரும்பான்மை ஓட்டெடுத்தாலும் செல்லப்பிராணிக்குத் தடை போட முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே சொல்லிவிட்டது.

முடிவெடுக்கும் முன் மகளிடம் ஒன்று கேளுங்கள்: அடைமழையில் காலை ஆறு மணிக்கு அதைக் கீழே கூட்டிப்போவது யார்? ‘நான்’ என்று சொன்னால் இந்த ஞாயிறே போய்க் கூட்டி வாருங்கள்.