ஒற்றை நட்டு உத்தமர்

ஜெர்மனியின் ஐஃபெல் மலைப் பகுதியில் நூர்பர்க் என்று ஒரு சின்ன ஊர். ஊரைக் காட்டிலும் அதைச் சுற்றிக் கிடக்கும் பந்தயத் தடம் பெரிது. காட்டுக்குள் வளைந்து வளைந்து போகும் நார்ட்ஷ்லைஃபே என்ற பழைய தடம் மட்டும் 20.8 கிலோமீட்டர். பந்தயமோ கம்பெனிகளின் சோதனை ஓட்டமோ இல்லாத நேரங்களில், சுற்றுக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் சொந்தக் காரை அங்கே ஓட்டலாம். அப்போது அது பந்தயத் தடமே அல்ல. டோல் வசூலிக்கும் ஒருவழிச் சாலை. சாலை விதிகள் அத்தனையும் செல்லும். பந்தயம் விடக் கூடாது, நேரம் கணக்கிடவும் கூடாது.

நேரமே கணக்கில்லாத அந்த இடத்துக்கு, சக்கரம் கழற்றும் நேரத்தை மிச்சம் பிடிப்பதற்காகக் காசைக் கொட்டிய ஒருவர் வருவார். நுழைவாயிலை ஒட்டிய பார்க்கிங்கில் ஞாயிறு காலை நின்றால் தவறாமல் பார்க்கலாம். வயது ஐம்பதைத் தொட்டிருக்கும். வார நாட்களில் பல் மருத்துவர். காரை நிறுத்தி இறங்கியதும் மற்றவர்களைப் போல காபி தேடிப் போகமாட்டார். முன் சக்கரத்தின் அருகே குனிந்து, அதில் ஏதோ கோளாறு இருப்பதைப் போல உற்றுப் பார்ப்பார். கோளாறு ஒன்றும் இல்லை. வேறு யாராவது பார்க்கும் வரை அப்படியே குனிந்திருப்பார்.

யாராவது பார்த்துவிட்டால் போதும். ஐந்து போல்ட் இருக்க வேண்டிய இடத்தில், நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டு. இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் நீலம். “சென்டர் லாக்” என்பார், கேட்காமலேயே.

இந்த ஒற்றை நட்டு இனத்துக்குள்ளும் மேல், கீழ் உண்டு. அடிமட்டத்தில் இருப்பவர் மூடிக்காரர்: சாதாரண ஐந்து போல்ட்டையும் மறைத்து, ஒற்றை நட்டைப் போலவே செய்த பிளாஸ்டிக் மூடியைப் பொருத்திக்கொள்பவர். கார் ஓடும்போது யாருக்கும் தெரியாது, நின்றால் தெரியும். அவருக்கு மேலே அடாப்டர்காரர். சக்கரத்தைத் தாங்கும் பழைய ஹப்பின் மேல் ஐந்து போல்ட்டால் ஒரு தட்டை முடுக்கி, அந்தத் தட்டின் மேல் ஒற்றை நட்டுச் சக்கரத்தை மாட்டுவார். ஐந்தைக் குறைக்கப் போய் ஆறாக்கிக்கொண்டவர். சக்கரமும் தட்டின் கனத்துக்கு வெளியே பிதுங்கும். நம்மாள் இந்த இரண்டு பேரையும் மனிதர்களாகவே மதிப்பதில்லை. தன்னுடைய பழைய போர்ஷே 911-இன் ஹப்பையே கழற்றி எறிந்துவிட்டு, 2009-இல் வந்த 911 ஜிடி3 மாடலின் உதிரிகளைத் தேடித் தேடி வாங்கி மாட்டியவர் அவர். கம்பெனி சாமான்!

பந்தயத்தில் இதற்கெல்லாம் நியாயம் இருக்கிறது. நட்டு நடுவில் ஒன்றாக இருந்தால் ஒரே முடுக்கில் வேலை முடிகிறது. காரை ஓட்டும் விசையை ஹப்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் முளைகள் சக்கரத்துக்குக் கடத்துகின்றன. நட்டின் வேலை அழுத்திப் பிடிப்பது மட்டுமே. புதிய யோசனையும் அல்ல. இங்கிலாந்தில் சைக்கிள் செய்துவந்த ரட்ஜ்-விட்வொர்த் கம்பெனி நூறாண்டுக்கு முன்பே இப்படிக் கழற்றி மாட்டும் கம்பிச் சக்கரங்களைக் கார்களுக்குக் கொடுத்தது. இறக்கை வைத்த நட்டைச் சுத்தியலால் நாலு தட்டு தட்டினால் கழன்றுவிடும். அந்த இறக்கைகள் நடந்துபோகிறவர்களைக் கிழித்துவிடும் என்று அமெரிக்க அரசு விதி கொண்டுவந்த பிறகு, 1967-ஆம் ஆண்டு மாடலிலிருந்து கார்வெட் கார்கூட அவற்றைக் கைவிட்டது. ஃபார்முலா ஒன்னில் 2023 கத்தார் பந்தயத்தின்போது மெக்லாரன் அணி லாண்டோ நாரிஸின் நான்கு சக்கரங்களையும் 1.80 விநாடியில் மாற்றியது. இந்த எண்ணை நம்மாள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். தன்னுடைய எண்ணை மட்டும் சொல்லமாட்டார்.

அவருடைய எண் விநாடியில் இல்லை. வீட்டு ஷெட்டில் ஒரு சனிக்கிழமை பிற்பகல் எட்டிப் பார்த்தால் புரியும். பழைய ஐந்து போல்ட் காலத்தில் ஒவ்வொன்றையும் 130 நியூட்டன் மீட்டருக்கு முடுக்கினால் போதும்; தனியாளாகச் செய்துவிட்டுக் கை கழுவிவிடலாம். ஒற்றை நட்டுக்குப் போர்ஷே கேட்பது 600. ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் அறுபது கிலோ ஆசாமி ஒருவர் தொங்கினால் வரும் விசை அது. அதற்கென்று ஆளுயரத்தில் பாதி நீளத்துக்கு ஒரு டார்க் ரெஞ்ச் வாங்க வேண்டியிருந்தது. நட்டு தானாகக் கழலாமலிருக்க உள்ளே ஸ்பிரிங் வைத்த பூட்டு உண்டு. அதை அழுத்தி விடுவிக்கத் தனி சாக்கெட். மரையில் பூச அதற்கென்றே ஒரு பசை. எல்லாம் தயார். ஆனால் அவ்வளவு விசையில் முடுக்கும்போது சக்கரமும் சேர்ந்து சுற்றிவிடாமல் உள்ளே ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்க வேண்டும்.

மனைவி வந்து உட்காருகிறார்.

“அழுத்து!”

“அழுத்திக்கிட்டுத்தான் இருக்கேன்.”

“இன்னும்!”

“இதுக்கு மேல அழுத்தினா கால் அந்தப் பக்கம் வந்துடும்.”

கடக் என்று ரெஞ்ச் சொல்லுகிறது. மனைவி காலை எடுக்கப் போகிறார். “எடுக்காதே!” என்று ஒரு அலறல். 600-க்கு முடுக்கியதும் கால் சுற்று தளர்த்தி, மறுபடி 600-க்கு முடுக்க வேண்டும் என்பது கம்பெனி விதி. ஆக ஒரு சக்கரத்துக்கு இரண்டு கடக். நான்கு சக்கரத்துக்கும் முடிவதற்குள் அந்த அம்மாள் கையோடு கொண்டுவந்த நாவலில் ஒரு அத்தியாயம் முடிந்திருக்கும். வலது கால் மட்டும் தனியாக உடற்பயிற்சி செய்திருக்கும்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் சக்கரம் விநாடியில் கழன்றால் கார் மட்டும் கை ஜாக்கியில் ஊர்ந்து ஊர்ந்து ஏறுவதா? அடுத்து வந்தது ஏர் ஜாக்கி.

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தை அஜித் குமாருக்காகக் கண்விழித்துப் பார்த்த நம்மூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவர் அணி ஓட்டிய போர்ஷே கப் கார் மாதிரியான வண்டிகள் பிட்டில் வந்து நின்றதும் ஒருவர் ஒரு குழாயைச் செருகுவார். புஸ்ஸென்ற சத்தத்தோடு நான்கு சக்கரமும் தரையை விட்டு எழும்பும். காரின் அடிவயிற்றில் செங்குத்தாகப் பதித்த மூன்று உருளைகளிலிருந்து கால்கள் நீண்டு வண்டியைத் தூக்கிவிடுகின்றன. குழாயைப் பிடுங்கினால் பொத்தென்று இறங்கும். நீண்ட நேரப் பந்தயங்களில் இது கண்கொள்ளாக் காட்சிதான், மறுப்பதற்கில்லை.

அந்த உருளைகளைச் சாதாரணக் காரின் தகரத் தரையில் பதிக்க முடியாது. தூக்கும்போது கார் இருந்த இடத்தில் இருக்க, உருளை மட்டும் தரையைப் பொத்துக்கொண்டு மேலே வரும். ஆகவே உள்ளே இரும்புக் குழாய்க் கூண்டு கட்டி, அதோடு சேர்த்து வெல்டிங். எடையைக் குறைப்பதற்காகப் பின் சீட்டையும் கதவுப் பஞ்சையும் போன வருடம்தான் பிடுங்கிப் போட்டிருந்தார். குறைந்த எடை வேறு உருவில் வீடு திரும்பியது.

எல்லாம் மாட்டி முடித்து, ஷெட்டில் டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸரை இணைத்தார். அது தரக்கூடியது எட்டு, பத்து பார் அழுத்தம். பந்தய ஏர் ஜாக்கிகள் பெரும்பாலும் அதைப் போல மூன்று மடங்கு கேட்கும். கார் ஒரு பெருமூச்சு விட்டதோடு சரி. பிறகு நைட்ரஜன் சிலிண்டர் வந்தது, அதற்கு ரெகுலேட்டர் வந்தது, ஒரு சாயங்காலம் கார் டப்பென்று துள்ளி நின்றது. பக்கத்து வீட்டு நாய் இரண்டு நாள் அந்தப் பக்கம் வரவில்லை.

அன்றிலிருந்து அந்தக் கார் தரையில் நிற்பது அபூர்வம். விருந்தாளி வந்தால் ஒரு புஸ். தபால்காரர் வந்தால் ஒரு புஸ். நீண்ட கால்களின் மேல் பாதுகாப்புக் கவ்விகளை மாட்டாமல் அடியில் கையை விடக் கூடாது என்ற விதியை மட்டும் ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறார். அந்த விஷயத்தில் பல் மருத்துவர் பல் மருத்துவர்தான்.

அவரைச் சீண்ட விரும்பும் நண்பர்கள் மூன்று செய்திகளைக் கைவசம் வைத்திருக்கிறார்கள். முதலாவது, ஃபார்முலா ஒன் காரில் ஏர் ஜாக்கியே கிடையாது. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், நெம்புகோல் ஜாக்கியால் தூக்கிவிடுகிறார்கள். காருக்குள் அந்தக் கனத்தைச் சுமந்துகொண்டு யார் ஓடுவது? இதைக் கேட்டதும் முகம் சுண்டிப்போகும். “நான் லே மான் ஆள்” என்பார், நீண்ட நேரப் பந்தயத்தைச் சொல்லி. இரண்டாவது, அமெரிக்காவின் நாஸ்கார் முதன்மைப் பந்தயங்களில் 2021 வரை ஐந்து நட்டுதான். அவர்கள் நான்கு டயரையும் பதினைந்து விநாடிக்குள் மாற்றிக்கொண்டுதான் இருந்தார்கள். 2022-இல் ஒற்றை நட்டுக்கு மாறியதும் சக்கரங்கள் கழன்று ஓட ஆரம்பித்து, அணிகளின் தலைமை மெக்கானிக்குகள் தண்டனை வாங்கினார்கள்.

மூன்றாவதை அவர் எதிரில் யாரும் சொல்வதில்லை. 2021 மொனாக்கோவில் வால்ட்டெரி பொட்டாஸ் இரண்டாவது இடத்தில் ஓடிக்கொண்டிருந்தார். டயர் மாற்ற உள்ளே வந்தார். முன் வலது நட்டில் ஏர் கன் சரியாக உட்காராமல் சுழன்று, அதன் விளிம்புகளை மழுங்கடித்துவிட்டது. உலகத்திலேயே கைதேர்ந்த மெக்கானிக்குகள் சுற்றி நின்றும் சக்கரம் வரவில்லை. பந்தயம் போயிற்று. இங்கிலாந்தில் பிராக்லியில் உள்ள மெர்சிடிஸ் தொழிற்சாலைக்குக் காரைக் கொண்டுபோய்த்தான் கழற்றினார்கள். அந்த பிட் ஸ்டாப் முடிய 43 மணி நேரம் ஆயிற்று. இரண்டு நாளுக்குக் கொஞ்சம் குறைவு. நம்மாள் ஒவ்வொரு முறையும் சாக்கெட்டைச் செருகிவிட்டு ஒன்றுக்கு மூன்று தடவை ஆட்டிப் பார்ப்பதன் ரகசியம் இதுதான்.

ஒருநாள் பஞ்சர் ஆனது. தடத்தில் அல்ல, வீடு திரும்பும் நெடுஞ்சாலையில். இரண்டு விநாடியில் எழும்பி நிற்கும் கார், ஒரே நட்டில் கழலும் சக்கரம், மாட்டுவதற்கு ஸ்டெப்னி இல்லை. அந்த 911 கம்பெனியிலிருந்து வரும்போதே ஸ்டெப்னி கிடையாது. ஓட்டையை அடைக்கும் திரவமும் ஒரு சின்னக் காற்று பம்பும்தான். நைட்ரஜன் சிலிண்டர் ஷெட்டில் இருந்தது. ரெஞ்சும் ஷெட்டில் இருந்தது. பிரேக் மிதிப்பவரும் வீட்டில் இருந்தார். கிரேன் வண்டிக்காரர் இறங்கி வந்து, சக்கரத்தைச் சுற்றி ஒரு தடவை நடந்து, “இதுக்கு என்கிட்ட சாக்கெட் இல்லீங்க” என்றார். நம்மாள் முகத்தில் தோன்றியது வருத்தம் என்று அவர் நினைத்திருப்பார். பெருமை அது.

இப்போது கையில் டேப்போடு காரின் பின் கண்ணாடி ஓரத்தை அளந்துகொண்டிருக்கிறார். லே மான் பாணியில், குழாயை அழுத்திச் செருகினால் மளமளவென்று பெட்ரோல் இறங்கும் இணைப்பு ஒன்று விலைக்கு வந்திருக்கிறதாம். எந்த பெட்ரோல் பங்கில் அந்தக் குழாய் இருக்கிறது என்று மனைவி கேட்கவில்லை. “அதுக்கும் நான் எதையாவது அழுத்திப் பிடிக்கணுமா?” என்று மட்டும் கேட்டார்.

நம்மாள் நேர்மையானவர். பந்தயங்களில் அப்படி எரிபொருள் நிரப்பும்போது, தொட்டியருகே ஒருவர் ஸ்பிரிங் வைத்த வால்வைக் கையாலேயே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்; விட்டால் மூடிக்கொள்ளும். ஆமாம், பிடிக்கத்தான் வேண்டும் என்றார்.