மயிலிட்டியா, தையிட்டியா? குடும்பஸ்தருக்கு ஓர் ஆலோசனை

பிள்ளை குட்டியோடு குடியேறக் காணி பார்க்கிறவர்களின் கேள்விகள் எங்கும் ஒன்றுதான். பள்ளிக்கூடம் கிட்டவா? கிணற்றுத் தண்ணீர் நல்லதா? அயல் எப்படி? றோட்டுக்கு எவ்வளவு தூரம்? ஸ்காபரோவா மார்க்கமா என்று ரொறன்ரோவில் எங்கள் சனம் மாதக்கணக்கில் மண்டையைப் போட்டு உடைக்கிறது. யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில் அந்தக் கரைச்சல் இல்லை. எந்த ஊர், எந்தத் துண்டு, முட்கம்பிக்கு எந்தப் பக்கம் என்பதையெல்லாம் உங்களுக்காக வேறு ஆட்கள் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். சனம் ஊரைவிட்டு இடம்பெயர்ந்த 1990 ஜூன் 15 இலிருந்து யோசிக்கிறார்கள். இன்னும் முடிவுக்கு வரவில்லை. அவசரப்படுத்தக் கூடாது, தேசிய பாதுகாப்பு.

ஆனாலும் புதுக் குடும்பஸ்தர்கள் கேட்கிறார்கள் என்பதால், அருகருகே கிடக்கும் இரண்டு ஊர்களை ஒப்பிட்டுச் சொல்கிறேன்.

கடற்காற்று வேண்டுமென்றால் மயிலிட்டி. போருக்கு முந்தி இந்த நாட்டின் மீன்பிடித் துறைகளில் முன்வரிசையில் நின்ற ஊர். அந்தத் துறைமுகமும் அதைச் சுற்றிய 54 ஏக்கர் சொச்சமும் 27 வருடம் கழித்து, 2017 ஜூலை 3 அன்று இராணுவத்திடமிருந்து விடுவிக்கப்பட்டன. சும்மா விடவில்லை, மேடை போட்டு, பேச்சுப் பேசிக் 'கையளித்தார்கள்'. காணிக்காரர் தன் காணிக்குள் போவதற்குக் கைகூப்பி நன்றி சொன்னார். மாட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு கயிற்றைத் திருப்பித் தருகிறவனுக்கு மாலை போடும் பண்பாடு எங்களுடையது. உள்ளே போனவர்கள் வீட்டைத் தேடினார்கள். பலருக்கு அத்திவாரம்கூடத் தட்டுப்படவில்லை. அதனாலென்ன, பழைய வீட்டை இடிக்கும் கூலி மிச்சம்.

துறைமுக அபிவிருத்தியில் குறை சொல்ல முடியாது. 2018இல் ஒரு ஜனாதிபதி கல் நாட்டினார். 2019 ஓகஸ்டில் பிரதமர் வந்து முதற்கட்டத்தைத் திறந்தார். 2025 செப்ரெம்பர் 1 அன்று வேறொரு ஜனாதிபதி வந்து மூன்றாம் கட்டத்தைத் தொடக்கி வைத்தார். கட்டங்கள் கடலை நோக்கி வளர்கின்றன. கரையிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கைகளில் எத்தனை திறந்தன என்று கேட்டால் மட்டும் மேடையில் மைக் வேலை செய்யாது. எல்லை தாண்டிப் பிடிபடும் தமிழ்நாட்டு றோலர்களைக் கொண்டுவந்து கட்டிவைப்பதும் இந்தத் துறையில்தான். உறுதி, தோம்பு, விதானையார் கடிதம் ஒன்றுமில்லாமல் மயிலிட்டியில் நிரந்தர இடம் பிடித்த பாக்கியவான்கள் இரண்டே வகை. ஒன்று அந்த றோலர்கள்.

பள்ளிக்கூடமா? கலைமகள் மகா வித்தியாலயத்தின் கட்டடம் 2018இல் திரும்பக் கிடைத்தது. 1990இல் முதலாம் வகுப்பில் படித்த பிள்ளை, தன் பிள்ளையை அங்கே சேர்க்கிற வயதுக்கு வந்துவிட்டிருந்தது.

ஆன்மிகச் சூழல் வேண்டுமென்றால் பக்கத்திலேயே தையிட்டி. அங்கே திஸ்ஸ விகாரை எழும்பி நிற்கிறது. கட்டியது இராணுவம். நிற்பது தனியார் உறுதிக் காணியில். ஒரு ஆட்டுக்கொட்டில் போட்டாலே அளவுநாடாவோடு வந்து நிற்கும் பிரதேச சபையின் அனுமதி அதற்கு வாங்கப்படவில்லை. புத்தர்மேல் எங்களுக்கு ஒரு கோபமும் இல்லை. அரச மாளிகையையே விட்டுவிட்டு நடந்தவர் அவர். அவருடைய பெயரால் நாலு பரப்புக் காணியை விடமாட்டோம் என்று நிற்கிறவர்களோடுதான் கணக்கு.

தையிட்டியில் அயலவர் ஒன்றுகூடலுக்கும் குறைவில்லை. 2023 முதல் போயாவுக்குப் போயா காணிக்காரர் பதாகையோடு வருகிறார்கள், அவர்களைப் பார்க்கப் பொலிஸார் வருகிறார்கள், தெற்கிலிருந்து பஸ் பிடித்துக் கும்பிட வருகிறவர்களும் வருகிறார்கள். அதிகாரத்தில் உள்ளவர்கள் காணிக்காரருக்கு நல்ல மனதோடு ஒரு வழியும் காட்டினார்கள்: மாற்றுக் காணி தருகிறோம், அல்லது நட்டஈடு தருகிறோம். எவ்வளவு பெரிய மனது! மாற்றுக் காணி இருக்கிறதென்றால் விகாரையை அங்கே கட்டியிருக்கலாமே என்று யாராவது கேட்டால் அவர் இனவாதி.

இனிப் போக்குவரத்து. மயிலிட்டிக்குக் கிழக்கே பலாலி. அங்கே 2019 ஒக்ரோபரில் சர்வதேச விமான நிலையம் திறந்தாயிற்று. சென்னையிலிருந்து வருகிறவர் தடையில்லாமல் இறங்கலாம். ஓடுபாதைக்குப் பக்கத்து வளவுக்காரர் தன் கிணற்றடிக்குப் போக முடியாது, அது வேறு விஷயம். வசாவிளான் – பலாலி வீதியை 2025 ஏப்ரல் 10 அன்று, 35 வருடத்துக்குப் பிறகு, உள்ளூராட்சித் தேர்தலுக்கு ஒரு மாதம்கூட இல்லாதபோது திறந்தார்கள். திறந்தபோது வைத்த பலகையைப் படித்தவருக்குப் புல்லரித்திருக்கும். காலை 6 மணி முதல் மாலை 5 மணி வரைதான். நடக்கக் கூடாது. இடையில் நிற்கக் கூடாது. படம் எடுக்கக் கூடாது. பிள்ளைக்குக் காய்ச்சல் வருவதென்றால் அலுவலக நேரத்துக்குள் வரவேண்டியிருந்தது. தாய்க்குக் குத்து எடுப்பதென்றால் ஓடுகிற வாகனத்துக்குள் எடுக்கவேண்டியிருந்தது. றோட்டைத் திறந்தார்களா, றோட்டைக் காட்டினார்களா?

காணி உறுதிப் பத்திரம் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் ஆத்திரம் முட்டி நிற்பது அங்கேதான். 2013 ஏப்ரலில் வலிகாமத்தில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டினார்கள். காரணத்தோடு ஒட்டினார்கள்: சொந்தக்காரரைக் கண்டுபிடிக்க முடியவில்லையாம். சொந்தக்காரர் எங்கே இருந்தார்? மல்லாகத்தில், கோணாப்புலத்தில், சுன்னாகத்தில், அரசாங்கமே பதிந்து நிவாரண அட்டை கொடுத்த முகாம்களில் இருந்தார். சைக்கிளில் போனால் வியர்வை காய முதல் கண்டுபிடித்திருக்கலாம். தேர்தலுக்கு வாக்காளர் அட்டை அவரைத் தேடிப்போய்ச் சேர்ந்தது. சுவீகரிப்பு அறிவித்தலுக்கு மட்டும் அவர் மாயமாகிவிட்டார். ஆயிரக்கணக்கானோர் நீதிமன்றப் படியேறி 'நாங்கள் உயிரோடுதான் இருக்கிறோம்' என்று சொல்லவேண்டி வந்தது. அந்தப் பாடம் போதாதென்று 2025 மார்ச் 28 அன்று இன்னொரு வர்த்தமானி: வடக்கில் 5,941 ஏக்கர், மூன்று மாதத்துக்குள் உரிமையை நிரூபி, இல்லாவிட்டால் அரச காணி. உறுதி எரிந்தவர், வெளிநாட்டில் இருப்பவர், செத்தவரின் பேரப்பிள்ளை எல்லாரும் மூன்று மாதத்துக்குள் வரிசையில் நிற்கவேண்டும். விவகாரம் நீதிமன்றம் வரை போன பிறகுதான் அதைக் கைவிட்டார்கள். 35 வருடம் காணியை வைத்திருந்தவரிடம் ஒரு துண்டு உறுதி காட்டச் சொல்லி ஒரு வர்த்தமானி இதுவரை வரவில்லை.

வேலிக்குள் கிடக்கும் காணியைச் சீதனமாக எழுதிய தகப்பன்மார் எங்களிடம் இருக்கிறார்கள். மாப்பிள்ளை பகுதி காணி பார்க்க வந்தால் முட்கம்பிக்கு வெளியே நின்று விரலை நீட்டவேண்டும். "தம்பி, அந்தா ரெண்டு பனை தெரியுதே, அதுக்கு அங்கால எங்கட கிணறு." காவலரணில் இருக்கிற பொடியன் துவக்கோடு எட்டிப் பார்ப்பான். மாப்பிள்ளைக்குத் தெரிவது பனை மட்டும்.

2015 டிசம்பரில் ஒரு ஜனாதிபதி கோணாப்புலம் முகாமுக்கே வந்தார். ஆறு மாதத்தில் உங்கள் பிரச்சினையைத் தீர்ப்பேன் என்றார். வலிகாமம் வடக்கில் ஆறு மாதம் என்பது மிக நீண்ட காலம்.

எங்கள் பிரதிநிதிகளையும் மறக்கக் கூடாது. தேர்தல் மணி அடித்தால் வெள்ளை வேட்டியோடு வேலியடிக்கு வருவார்கள், கம்பியைப் பிடித்தபடி படம் எடுப்பார்கள், சர்வதேசம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பார்கள். சர்வதேசம் பார்த்தது உண்மைதான். காங்கேசன்துறையில் இராணுவம் நடத்தும் தல்செவன விடுதியின் மேல்மாடியில் இருந்து கடலைப் பார்த்தது. குடும்பத்தோடு இரண்டு நாள் ஊர்க் கடற்கரையில் தங்க ஆசைப்படும் வலிகாமத்துக்காரருக்கு அந்த விடுதியையே சிபாரிசு செய்கிறேன். காசு கொடுத்தால் உறுதி கேட்கமாட்டார்கள்.

ஆகவே மயிலிட்டியா, தையிட்டியா? உண்மையில் இந்த ஊர்க்காரருக்கு ஆலோசனை தேவைப்படவில்லை. எந்த ஊர், எத்தனை பரப்பு, வடக்கே யார் வளவு, கிழக்கே எந்த ஒழுங்கை என்று அவரவர் உறுதியில் எழுதியிருக்கிறது. ஊர் தேடவேண்டியவர்கள் படையினர். அவர்களுக்காகவே கேட்கிறேன்: ஜனாதிபதி அவர்களே, நில அளவைத் திணைக்களத்திடம் வரைபடம் வாங்குங்கள். அரச காணி எங்கெங்கே கிடக்கிறது என்று பாருங்கள். முகாமையும் தோட்டத்தையும் விடுதியையும் அங்கே கொண்டுபோங்கள். இந்த இரண்டு ஊரையும் மட்டும் பார்க்க வேண்டாம். இரண்டுக்கும் சொந்தக்காரர் இருக்கிறார்கள்.