செல்லும், செல்லாது

கலைந்து கிடக்கும் எழுத்துகளிலிருந்து ஒரு சொல்லை எடுப்பது பெரிய வித்தை இல்லை. எடுத்த சொல்லை, பெங்களூர் ஜோகுபாளையத்தில் நாலு பேரை ஒப்புக்கொள்ள வைப்பதுதான் வித்தை.

தகராறு ஊர்ப் பெயரிலேயே தொடங்கிவிடும். ஜோ, கு, பா, ளை, ய, ம். பாகு வரும், பாளை வரும், பாளையமே வரும். ஆனால் எங்கள் வீட்டுச் சட்டப்படி வடவெழுத்து செல்லாது. சட்டம் போட்டது என் அம்மா. அதாவது, நாங்கள் குடியிருக்கும் இடமே ஆட்டத்தில் செல்லாது. "அப்ப வீட்டு வரி மட்டும் எப்பிடி ஆயா செல்லுது?" என்று என் மகன் கேட்டான். பதில் வரவில்லை; அவன் மதிப்பெண்ணில் இரண்டு குறைந்தது.

எழுத்துக் கட்டைகளை அடுக்கி ஆடும் ஸ்கிராபிளுக்கு வித்திட்டவர் ஆல்ஃபிரட் பட்ஸ், 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலை போன அமெரிக்கக் கட்டடக் கலைஞர். எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று செய்தித்தாள்களில் எண்ணிப் பார்த்துதான் எழுத்துகளைப் பங்கிட்டார். புண்ணியவானுக்கு 26 எழுத்து; 100 கட்டையில் முடிந்தது. நமக்கு 247. எழுத்துக்கு ஒன்று என்று வெட்டினாலே மூட்டை கட்ட வேண்டும், அதிலும் இரண்டாவது 'க' இருக்காது. நாங்கள் செய்தித்தாளை எண்ணவில்லை. பழைய கல்யாணப் பத்திரிகைகளைக் கத்தரித்தோம். 'அவர்களின்', 'அவர்களது' என்று மரியாதை பொங்கி வழிந்ததில் ர்-உம் க-உம் டப்பா நிறைய இருக்கின்றன. ஃ ஒன்றுகூடத் தேறவில்லை. அஃறிணைக்கு யாரும் கல்யாணம் செய்வதில்லை.

மேல்வீட்டில் ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார். நன்னூல் 42 ஓரெழுத்து மொழிகளைச் சொல்கிறது என்பது அவர் பலம். நாங்கள் ஐந்தெழுத்துக்கு மண்டையை உடைத்துக்கொண்டிருக்கும்போது, ஆ, தீ, மை என்று ஒற்றைக் கட்டையாக வைத்துக்கொண்டே போவார். ஒருநாள் 'நொ' வைத்தார். அதற்குத் துன்பம் என்று பொருளாம். அதுவரை பொருள் தெரியாமலேயே அனுபவித்துக்கொண்டிருந்தோம்.

எதிர்வீட்டு அக்கா கன்னடக்காரர். 'நீரு' வைத்தார். வாத்தியார் முறைத்தார். "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" என்றார் அக்கா. அம்மா யோசித்து, நீர் வரைக்கும் மார்க் உண்டு, கடைசி உ-வுக்குக் கிடையாது என்று தீர்ப்பளித்தாள். காவிரி விவகாரம் இவ்வளவு சுலபமாக முடிந்ததில்லை.

இந்த மாதிரிச் சண்டை உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது, அதுவும் நம்ம பெங்களூரிலிருந்து. இங்கே அச்சான 'ஸ்போர்ட்டிங் ஸ்டார்' என்ற ஏடு, ஆர்.எம்.டி.சி. குறுக்கெழுத்து என்று ஒரு பரிசுப் போட்டி நடத்தியது. பம்பாய் மாநிலத்திலும் பணம் கட்டி ஆடினார்கள். அந்த அரசு வரி போட்டது, வழக்கு மூண்டது. 1957இல் வந்த தீர்ப்பு, இது சூதாட்டம் என்றது. பொருத்தமான சொல்லை எழுதினால் போதாது, முன்கூட்டியே முத்திரையிட்டு வைத்த விடையோடு அது ஒத்துப்போக வேண்டும் என்பதால், அறிவைவிட அதிர்ஷ்டமே பேசுகிறது என்பது வாதம். எங்கள் வீட்டிலும் முத்திரையிட்ட விடை உண்டு. அம்மாவின் தலைக்குள் இருக்கிறது.

போன வாரம் எனக்குத் தலைநகரம் முழுசாகக் கிடைத்தது. உடைத்தால் நகரம், கரம், தகரம், ரதம் எல்லாம் வரும். பெங்களூரில் மாலை ஆறு மணிக்கு வண்டி ஓட்டுகிறவனுக்கு இன்னொன்றும் தானாக வரும். ந, ர, க, ம் என்று அடுக்கினேன்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா வெளக்கு வெச்ச நேரத்துல அந்த வார்த்தை செல்லாது. நாளைக்கு வை."

மேல்முறையீட்டுக்கு வாத்தியாரைப் பார்த்தேன். பக்கத்திலேயே ஹலசூரு ஏரிக்கரையில் வள்ளுவர் சிலை 18 வருஷம் மூடியே கிடந்து 2009இல்தானே திறந்தது, உமக்கு ஒரு ராத்திரி பொறுக்காதா என்றார். பொறுத்தேன். சனிக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்தால், என் ர-வை எடுத்து அக்கா 'ஊரு' வைத்திருந்தார். ரு-வுக்கு ர எப்படிச் செல்லும் என்று கேட்டேன்.

"ஒரு வளைவைச் சேத்துக்கோடா" என்றாள் அம்மா.