ஒன்பதாம் வகுப்பின் வியர்வை

எண்பதுகளில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சில் யார் உட்கார வேண்டும் என்பதை மூக்குதான் முடிவு செய்தது. கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸ்கள் ஓய்வில்லாமல் ஓடிய காலம் அது. விடியுமுன் எழுந்து தீக்குச்சிக் கட்டை அடுக்கிவிட்டு, முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு ஓடிவரும் பிள்ளைகளைச் சில வாத்தியார்கள் பின்னால் போகச் சொல்வார்கள். "குளிச்சிட்டு வர முடியாதா?" என்று கேட்டால் அந்தப் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொள்ளும். கரிசல் பூமியில் கோடை வந்துவிட்டால் குடிக்கவும் சமைக்கவும் போக மிஞ்சுகிற தண்ணீரில்தான் குளியல். ஒரு குடம் தண்ணீருக்கு அவர்கள் தெருவில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று எந்த வாத்தியாரும் கேட்டதில்லை. பின்னால் அனுப்பப்பட்டவர்கள் பெரும்பாலும் எந்தத் தெருப் பிள்ளைகள் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சாதியைச் சொல்லக் கூசியவர்கள் நாற்றம் என்று சொல்லிக்கொண்டார்கள்.

இப்போது நான் சென்னைப் புறநகரில் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. இங்கே யாரையும் நாங்கள் கடைசி பெஞ்சுக்கு அனுப்புவதில்லை. ஆனால் பிள்ளைகளே ஒருவரையொருவர் அனுப்பிவிடுகிறார்கள். விளையாட்டுப் பீரியட் முடிந்து ஒன்பதாம் வகுப்பு உள்ளே வரும்போது நாலைந்து பேர் பையிலிருந்து பாடி ஸ்ப்ரேயை எடுத்துச் சட்டைமேல் அடித்துக்கொள்கிறார்கள். வாங்க வழியில்லாதவள் கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு உட்காருகிறாள். கேள்விக்குப் பதில் தெரிந்தாலும் கை தூக்க மாட்டாள். அப்படி ஒரு பெண்ணைப் பார்த்த பிறகுதான் பாடப்புத்தகத்தில் இல்லாத இந்தப் பாடத்தை வகுப்பில் நடத்தத் தொடங்கினேன்.

முதலில் பிள்ளைகளுக்குச் சொல்வது இதைத்தான்: வியர்வைக்கென்று நாற்றம் எதுவும் கிடையாது. நம் தோலில் 20 முதல் 40 லட்சம் வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை உடம்பைக் குளிர்விக்க உப்புத் தண்ணீரை விடுகின்றன, அவ்வளவே. அக்குளிலும் தொடையிடுக்கிலும் இருக்கும் இன்னொரு வகைச் சுரப்பி பிறக்கும்போதே நம்மோடு வந்துவிடும். ஆனால் வயதுக்கு வரும் பருவத்தில்தான் அது வேலையைத் தொடங்கும். கொழுப்பும் புரதமும் கலந்த, சற்றே குழகுழப்பான அந்தச் சுரப்பும் வெளியே வரும்போது மணக்காது. அக்குளில் குடியிருக்கும் கோரினிபாக்டீரியம், ஸ்டெஃபைலோகாக்கஸ் ஹோமினிஸ் போன்ற நுண்ணுயிர்கள் அதைத் தின்று சிதைக்கும்போதுதான் புளித்த வாடையும், கந்தகம் சேர்ந்த வெங்காய வாடையும் கிளம்புகின்றன. பதின்மூன்று வயதில் ஒரு பிள்ளையிடமிருந்து திடீரென்று வியர்வை வாடை வந்தால் அவள் அழுக்காகிவிட்டாள் என்று பொருளில்லை. அவள் வளர்கிறாள்.

அந்த வயதில்தான் இன்னொன்றும் நடக்கிறது. சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்பு வரை அரசு ஆண்டுக்கு நான்கு செட் சீருடை கொடுக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் அது நின்றுவிடுகிறது. சுரப்பிகள் முழு வேகத்தில் ஓடத் தொடங்கும் வயதில் உடுப்பு ஒன்றிரண்டாகச் சுருங்குகிறது. கை தூக்காத அந்தப் பெண்ணுக்கு ஒரே ஒரு செட்தான். அம்மா துணிக்கடையில் வேலை பார்த்துவிட்டு இரவு பத்து மணிக்கு மேல் வருவார். அதன் பிறகு துவைத்து, ஒற்றை அறை வீட்டில் ஃபேனுக்குக் கீழே காயப்போடுவார். காலையில் கழுத்துப்பட்டியும் அக்குளும் ஈரமாகவே இருக்கும். வெயில் படாத, பாதி காய்ந்த துணியில் நுண்ணுயிர்கள் செத்துப்போவதில்லை. மறுபடி உடம்புச் சூடு பட்டதும் முதல் மணி அடிப்பதற்குள் வாடை திரும்பி வந்துவிடும். அவள் தினமும் குளித்துவிட்டுத்தான் வருகிறாள்.

துணியைப் பற்றி எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தவர் அப்பா. தையல்காரர். எங்கள் ஊரில் டெர்லின் என்ற பாலியெஸ்டர் சட்டை பெரிய கௌரவமாக இருந்த நாட்களில், மகன் கல்யாணத்துக்கு எடுத்த சட்டையை ஒரு பெரியவர் தைத்து வாங்க வந்தார். அக்குள் தையல் பிரிந்திருந்தது. அப்பா சட்டையை உள்பக்கம் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் கறை. அந்த இடம் மட்டும் விறைத்துப்போயிருந்தது.

"அண்ணாச்சி, இது வேர்வையக் குடிக்காது, மேலாலயே நிக்கும். நல்லது பொல்லாததுக்கு மட்டும் உடுத்துங்க. காட்டு வேலைக்குக் காடாத் துணியே போதும்."

பெரியவர் முகம் சுருங்கிவிட்டது. முரட்டுப் பருத்தியான காடா ஏழைத் துணி, டெர்லின் பணக்காரத் துணி என்று ஊரே நம்பிய காலம். அப்பா அனுபவத்தில் சொன்னதைப் பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் சோதித்துக் காட்டினார்கள். 26 பேரைக் கடுமையாக உடற்பயிற்சி செய்யவைத்து, அவர்கள் போட்டிருந்த சட்டைகளை மறுநாள் ஒரு தனிக் குழுவினரை முகர்ந்து பார்க்கச் செய்தார்கள். பருத்தியைவிட பாலியெஸ்டர்தான் அதிகம் நாறியது. மைக்ரோகாக்கஸ் என்ற நுண்ணுயிருக்குப் பாலியெஸ்டர் இழை தோதான இடமாக இருந்தது. ஏழைத் துணி, பணக்காரத் துணி என்ற நிலைமை இன்று தலைகீழ். நல்ல பருத்திச் சட்டையின் விலை ஏறிவிட்டது. மலிவாகக் கிடைப்பது பாலியெஸ்டர். வெயிலில் அலையும் டெலிவரிப் பையன்களும், செக்யூரிட்டி அண்ணன்களும், துணிக்கடை அக்காக்களும் நாள் முழுக்கப் போட்டிருப்பது அதைத்தான். குளிர்சாதன அறைக்குள் இருப்பவர் லினன் சட்டை போட்டுக்கொண்டு, லிஃப்டில் டெலிவரிப் பையன் பக்கத்தில் நின்றால் மூக்கைப் பொத்துகிறார். எனக்கு இது பொறுக்கவில்லை.

வெட்கத்தை விற்பனைச் சரக்காக்கியது விளம்பரம். 1919இல் அமெரிக்காவின் 'லேடீஸ் ஹோம் ஜர்னல்' இதழில் ஒடரோனோ என்ற வியர்வைத் தடுப்பு மருந்துக்காக ஜேம்ஸ் வெப் யங் ஒரு விளம்பரம் எழுதினார். உங்களிடம் நாற்றம் அடிப்பது உங்களுக்கே தெரியாது, தெரிந்தவர்களும் உங்கள் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள் என்று பெண்களைப் பயமுறுத்தியது அது. சுமார் இருநூறு வாசகர்கள் கோபத்தில் சந்தாவையே நிறுத்தினார்கள். ஆனால் ஓராண்டுக்குள் விற்பனை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. நூறு வருஷத்துக்குப் பிறகும் நம் டிவியில் ஓடுவது அதே பயம்தான். நான் பள்ளியில் படித்த காலத்தில் எங்கள் வீட்டில் இருந்தது சிவப்பு லைஃப்பாய் கட்டி ஒன்று, ஆறு பேருக்கு. அது 1895லேயே இந்தியாவுக்கு வந்த சோப்பு. அதன் கார்பாலிக் வாடை வீடு முழுக்க ஒரே மாதிரி இருந்ததால் யாரும் யாரையும் குறை சொல்ல இடமில்லை.

வகுப்பில் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள் கறாரானவை. "மிஸ், ஸ்ப்ரே அடிச்சா போதும்ல?" போதாது. வாசனை ஸ்ப்ரே நாற்றத்தின் மேல் இன்னொரு வாசனையைப் பூசும். டியோடரண்ட் நுண்ணுயிரைக் கொஞ்சம் கட்டுப்படுத்தும். அலுமினிய உப்பு கலந்த வியர்வைத் தடுப்பான்தான் வியர்வைத் துவாரத்தைத் தற்காலிகமாக அடைக்கும். அதையும் காலையில் அவசரமாகப் பூசாமல், இரவில் அக்குளைக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டுப் பூசினால்தான் முழுப் பலன். காசு இல்லாத பிள்ளைக்கு நான் சொல்வது படிகாரம். அதுவும் அலுமினிய உப்புதான். சலூனில் சவரம் செய்தபின் தேய்ப்பார்களே, அதே கல். குளித்து முடித்து, கல்லை நனைத்து அக்குளில் லேசாகத் தேய்க்கலாம். எலுமிச்சையும் சமையல் சோடாவும் வேண்டவே வேண்டாம். தோல் எரிந்து புண்ணானவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மற்றவையெல்லாம் எளியவை, ஆனால் விடாமல் செய்ய வேண்டியவை. தண்ணீர் ஒரு வாளிதான் இருக்கிறது என்றால் சோப்பை முதலில் அக்குளுக்கும் தொடையிடுக்கிற்கும் பாதத்துக்கும் போடு. துடைத்து உலர்த்தாமல் உடுப்பு மாட்டாதே. முடியைக் கத்தரித்துக் குட்டையாக வைத்தால் வியர்வை தேங்காது. சீருடையை உள்பக்கம் திருப்பி, அக்குள் பகுதிக்குத் தனியாக சோப்பு போட்டுத் தேய்த்து, முடிந்தபோதெல்லாம் வெயிலில் காயப்போடு. பூண்டும் வெந்தயமும் நிறையச் சாப்பிட்டால் அவற்றின் மணம் வியர்வையில் வரும், ஆனால் அதற்காகச் சாப்பாட்டைக் குறைக்காதே.

ஒரு பையன் தன் நண்பனுக்கு வாடையே வருவதில்லை, இது எப்படி என்று கேட்டான். அது பிறப்பிலேயே அமைவது. ஏபிசிசி11 என்ற மரபணுவின் ஒரு வகை இருப்பவர்களுக்குக் காது அழுக்கு உலர்ந்து பொடியாக இருக்கும், அக்குள் வாடையும் மிகக் குறைவு. கிழக்கு ஆசியாவில் பெரும்பாலானவர்கள் அப்படித்தான். என்ன செய்தாலும் மீன் வாடை போகாத சிலருக்கும் காரணம் மரபணுவில் இருக்கலாம். ட்ரைமெத்திலமினூரியா என்ற குறைபாடு அது. வாடை திடீரென்று மாறினாலோ, உள்ளங்கையில் நோட்டு நனையும் அளவுக்கு வியர்த்தாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும். அதற்குச் சிகிச்சை உண்டு.

பிள்ளைகள் தங்களால் முடிந்ததைச் செய்கிறார்கள். மீதி எங்கள் பொறுப்பு. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் மூன்று கோரிக்கைகளை எழுதினோம்: பெண்கள் கழிப்பறையில் கதவு மூடிக் கழுவிக்கொள்ளும் இடமும் நிற்காமல் தண்ணீர் வரும் குழாயும் வேண்டும், விளையாட்டுப் பீரியடுக்குத் தனி பனியன் வேண்டும், சீருடை ஒன்பது, பத்தாம் வகுப்புக்கும், பருத்தி கூடுதலாகக் கலந்த துணியில் வேண்டும். குழாயை ஒரு பெற்றோர், பிளம்பர் அவர், கூலி வாங்காமல் போட்டுக்கொடுத்துவிட்டார். மற்ற இரண்டுக்கும் பதில் வரவில்லை. ஜூனில் பள்ளி திறந்ததும் மறுபடி எழுதுவோம்.