இருக்கிற பெயரை இல்லை என்கிறதே!

கேள்வி: லினக்ஸ் சர்வரைப் புதுப்பித்த பிறகு, போஸ்ட்கிரெஸில் இண்டெக்ஸ் வழியாகத் தேடினால் சில வாடிக்கையாளர்களைக் காணோம். டேபிள் முழுக்கத் தேடினால் இருக்கிறார்கள். எதை நம்புவது?

பதில்: டேபிளைத்தான். தகவல் பத்திரமாக இருக்கிறது. அதற்கு வழிகாட்டுகிறவர் கையில்தான் பழைய மேப். எழுத்து வரிசைக்கு போஸ்ட்கிரெஸ் நம்பியிருக்கும் லினக்ஸ் நூலகம் ஜிலிப்சி; 2018-இல் வந்த அதன் 2.28 பதிப்பு, எழுத்து வரிசை விதிகளையே மாற்றிவிட்டது. அமெரிக்க ஆங்கில வரிசையில் முன்பு ‘11’க்குப் பின்னால் நின்ற ‘1-1’, இப்போது முன்னால் நிற்கிறது. பழைய விதியில் கட்டிய இண்டெக்ஸைப் புது விதியில் தேடினால், இடப்பக்கம் இருப்பதை வலப்பக்கம் போய்த் தேடிவிட்டு, ‘இல்லை’ என்று சத்தியமே செய்யும். யூனிக் இண்டெக்ஸும் ஏமாந்து ஒரே பெயரை இரண்டு முறை உள்ளே விட்டிருக்கலாம். இண்டெக்ஸ்களைப் போஸ்ட்கிரெஸின் ஆம்செக் என்ற சோதனைக் கருவியால் சோதியுங்கள், இரட்டைப் பதிவுகளைச் சரிசெய்யுங்கள், பிறகு எழுத்து வகை இண்டெக்ஸ்களை ரீஇண்டெக்ஸ் செய்யுங்கள். அடுத்த முறை, சர்வரைப் புதுப்பிக்கும் அன்றைக்கே இதை முடித்துவிடுங்கள்.