மாதம் இருநூறு ரூபாய் கருணை

இந்தியக் குடியரசு தன் ஏழை முதியவருக்கு மாதாமாதம் கொடுக்கும் ஓய்வூதியம் 200 ரூபாய். அச்சுப்பிழை இல்லை. சைபர் எதுவும் விட்டுப்போகவில்லை. 60 வயது நிரம்ப வேண்டும், வறுமைக்கோட்டுக்குக் கீழே கிடக்க வேண்டும், பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். மூன்றும் கூடிவந்தால் நாளொன்றுக்கு ஆறு ரூபாய் அறுபத்தாறு காசு. டீக்கடையில் அதை நீட்டினால் பாதி டீகூட வராது. கிளாஸை வேண்டுமானால் கழுவிக் காட்டுவார்கள்.

80 வயதானால் 500 ரூபாய். இன்னும் இருபது வருடம் சாகாமல் தாக்குப்பிடித்தால் பதவி உயர்வு உண்டு என்று பொருள்.

1995 சுதந்திர தினத்தன்று 75 ரூபாயில் தொடங்கிய திட்டம் இது. 2006-ல் 200 ரூபாய் ஆனது. அதன் பிறகு பிரதமர் மாறினார். ஆட்சி மாறியது. இருந்த நோட்டு செல்லாமல் போனது, புது நோட்டு வந்தது, அந்தப் புது நோட்டும் திரும்பப் போனது. 60 முதல் 79 வயது வரை உள்ளவர்களுக்கு 200 ரூபாய் மட்டும் அசையவில்லை. ஒரே ஒரு சீர்திருத்தம் நடந்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். 2017-ல் ரிசர்வ் வங்கி 200 ரூபாய் நோட்டை வெளியிட்டது. அதுவரை இரண்டு தாளாக வாங்கியவர்கள் அதற்குப் பிறகு ஒரே தாளாக வாங்கலாம்.

இந்தத் தாளும் எல்லா ஏழைக்கும் இல்லை. எந்த மாநிலத்தில் எத்தனை பேருக்கு என்று டெல்லி ஒரு உச்சவரம்பு வைத்திருக்கிறது. அதற்கு அடிப்படை 2001 மக்கள்தொகைக் கணக்கும், திட்டக் கமிஷன் போட்ட 2004-05 வறுமை விகிதமும். திட்டக் கமிஷனை மூடிவிட்டார்கள். அது போட்ட கணக்குக்கு மட்டும் இன்னும் ஆயுசு இருக்கிறது. 2001-க்குப் பிறகு ஏழையானவர்கள், வயதானவர்கள் எல்லாம் அவசரப்பட்டுவிட்டார்கள் போல.

நல்லவேளை, மாநிலங்கள் தங்கள் பங்கைச் சேர்த்துக் கொடுக்கின்றன. தமிழ்நாட்டில் ஓஏபி எனப்படும் முதியோர் ஓய்வூதியம் வாங்குபவருக்கு 1,200 ரூபாய். இதிலும் யாரும் மார்தட்ட ஒன்றுமில்லை. இந்தக் காலத்தில் 1,200 ரூபாயை வைத்துக்கொண்டு ஒரு மாதம் சாப்பிட்டு, மாத்திரை வாங்கி, உயிரோடு இருந்து காட்டச் சொல்லுங்கள் ஒரு சட்டமன்ற உறுப்பினரை. பீகாரின் கதை இன்னும் உருக்கமானது. அங்கே 400 ரூபாயிலேயே கிடந்த ஓய்வூதியம் 2025 ஜூன் மாதத்தில் ஒரே தாவலில் 1,100 ஆனது. நவம்பரில் தேர்தல். முதியவர்களின் பசி ஐந்து வருடத்துக்கு ஒருமுறைதான் அரசாங்கத்தின் காதில் விழுகிறது.

சரி, கொடுப்பதையாவது மரியாதையாகக் கொடுக்கிறார்களா? ஏதாவது ஒரு கிராமத்துத் திண்ணையில் பென்ஷன் பட்டுவாடா நாளில் நின்று பாருங்கள். கைரேகை மெஷினோடு ஒரு பையன் உட்கார்ந்திருப்பான். எதிரே நாற்பது வருடம் நாற்று நட்டு, களை பறித்து, பாத்திரம் தேய்த்து ரேகை அழிந்த ஒரு கை. முந்தானையில் துடைத்துத் துடைத்து வைக்கிறார். மெஷின் சிவப்பு காட்டுகிறது. “ஆயா, நல்லா அழுத்தி வை.” மறுபடி சிவப்பு. “இன்னொரு விரல வை.” பத்து விரலும் ஆனது. “சர்வர் இல்ல ஆயா, நாளைக்கு வா.” உழைத்துத் தேய்ந்ததுதான் அந்தக் கை செய்த குற்றம். உழைக்காத விரலாக இருந்திருந்தால் முதல் தடவையே பச்சை விழுந்திருக்கும்.

ரேகை விழாதவர்களாவது உயிரோடு இருப்பதாகக் கணக்கு. ராஜஸ்தானில் உயிரோடு இருப்பவர்களையே ‘இறந்துவிட்டார்’ என்று பதிந்து ஓய்வூதியத்தை நிறுத்தியிருக்கிறார்கள். அவர்கள் தாங்களே நேரில் வந்து, தாங்கள் சாகவில்லை என்று மனுக் கொடுக்க வேண்டியிருந்தது. ஜார்க்கண்டில் ஆதாரோடு இணைக்கவில்லை என்று ஒரு குடும்பத்தின் ரேஷன் கார்டை நீக்கினார்கள். 2017 செப்டம்பரில் அந்த வீட்டின் 11 வயதுப் பெண் குழந்தை, சோறு கேட்டபடியே செத்துப்போனதாகத் தாய் சொன்னார். அரசுத் தரப்பு என்ன சொன்னது தெரியுமா? பட்டினி இல்லையாம், மலேரியாவாம்.

ஆனால் ரேஷன் கடையில் வேறொரு குறையை அரசு உடனே கண்டுபிடிக்கும். 2022-ல் மத்திய நிதியமைச்சர் தெலங்கானாவின் காமாரெட்டி மாவட்டத்தில் ஒரு கடைக்குப் போனார். பிரதமர் படம் ஏன் இல்லை என்று கலெக்டரைப் பொதுவெளியில் நிற்கவைத்துக் கேட்டார். அரிசி யாருடைய வரிப்பணம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வாங்க நின்றவர்களின் படத்தைத்தான் மாட்ட வேண்டியிருக்கும்.

200 ரூபாயை 500 ஆக்குங்கள் என்று 2017 டிசம்பரில் 60 பொருளாதார அறிஞர்கள் நிதியமைச்சருக்குக் கடிதம் எழுதினார்கள். 2018-ல் உச்ச நீதிமன்றமே இந்தத் தொகையை மறுபரிசீலனை செய்யச் சொன்னது. நாடாளுமன்ற நிலைக்குழு பலமுறை சொல்லி ஓய்ந்தது. ஒரு ரூபாய் ஏறவில்லை. காசு இல்லையாம்.

காசு எப்போது இருக்கும் தெரியுமா? 2019 செப்டம்பர் 20-ல் இருந்தது. கம்பெனிகளுக்கான வரியை 30 சதவீதத்திலிருந்து 22 ஆகக் குறைத்தார்கள். அரசுக்கு 1,45,000 கோடி வருமானம் போகும் என்று அறிவித்தவர்களே சொன்னார்கள். அமைச்சரவை கூடும்வரைகூடப் பொறுக்கவில்லை. பிரதமர் தன் தனி அதிகாரத்தில் ஒப்புதல் தந்தார், அமைச்சரவை பிறகு சரி என்றது. முதியோர், விதவைகள், மாற்றுத்திறனாளிகள் எல்லாரும் அடங்கிய சமூக உதவித் திட்டத்துக்கு மத்திய பட்ஜெட்டில் ஒதுக்குவது வருடத்துக்கு 9,652 கோடி. அன்றைக்குக் காலையில் விட்டுக்கொடுத்தது, இந்த ஏழைகளுக்குப் பதினைந்து வருடப் படி. அதற்குப் பெயர் ஊக்கம். இதற்குப் பெயர் இலவசம். 2022-ல் பிரதமர் ‘ரேவ்டி கலாசாரம்’ நாட்டுக்கு ஆபத்து என்று எச்சரித்தார். ரேவ்டி என்றால் வடக்கே ஒரு எள்ளு மிட்டாய். நாளுக்கு ஆறு ரூபாய்க்கு அது எத்தனை வரும் என்று அவர் சொல்லவில்லை.

விலைவாசி ஏறுவது டெல்லிக்குத் தெரியாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நன்றாகத் தெரியும். 2018-ல் எம்.பி.க்களின் சம்பளத்தைப் பணவீக்கக் குறியீட்டோடு சட்டப்படி கட்டிவைத்தார்கள், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தானே ஏறும்படி. 2025 மார்ச்சில் அறிவிப்பு வந்தது. சம்பளம் ஒரு லட்சத்திலிருந்து 1,24,000. முன்னாள் எம்.பி.யின் ஓய்வூதியம் 25,000-லிருந்து 31,000. அதுவும் 2023 ஏப்ரல் முதல் முன்தேதியிட்டு, நிலுவையோடு. கூட்டத்தொடரில் ஒரு நாள் வந்து போவதற்கான படி 2,500 ரூபாய். ஏழை முதியவருக்கு டெல்லி ஒரு முழு வருடத்துக்குக் கொடுப்பது 2,400.

எம்.பி.க்களுக்கு அடுத்த உயர்வு 2028 ஏப்ரல் 1. தானாக வரும். மனுப்போட வேண்டாம். விரல் வைக்க வேண்டாம். உயிரோடு இருக்கிறேன் என்று யாரிடமும் சொல்லவும் வேண்டாம்.