பெரியவர் போகிற வழியில் டேரா

என் பெரியப்பாவுக்குக் காட்டில் எளிமையாக வாழ்வதில் அளவில்லாத ஆசை. அந்த எளிமையை ஏற்றிச் செல்ல ஒரு வில்லீஸ் ஜீப்பும் இரண்டு மாட்டு வண்டிகளும் வேண்டியிருந்தன.

அது 1960கள். கொஞ்சம் தோட்டந்துரவு, ஒரு டபுள் பேரல் துப்பாக்கி, அதற்கு லைசென்ஸ் மூன்றும் இருந்தால் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒருவர் ஷிகாரி ஆகிவிடலாம். முதுமலை 1940லேயே சரணாலயம் ஆகிவிட்டது. அதற்கு வெளியே, நீலகிரிக்கு வடக்கே அடிவாரத்தில் சீகூர்க் காடுகளில் பர்மிட் எடுத்துச் சுடலாம். கொம்புள்ள கிடாயைத்தான் சுட வேண்டும், பெட்டையைத் தொடக்கூடாது என்று விதிகள் உண்டு. சுடுவதற்கு நாலு பேர் கிளம்புவார்கள். அந்த நாலு பேருக்குச் சமைக்க, தண்ணீர் சுமக்க, படுக்கை விரிக்க அதைப்போல இரண்டு மடங்கு ஆள். பள்ளி விடுமுறையில் எடுபிடியாக நானும் ஒட்டிக்கொள்வேன்.

டேரா ராணுவ டிஸ்போசலில் வாங்கியது. காக்கி கான்வாஸ். வெயிலில் அதைத் தூக்க இரண்டு பேர், மழையில் நனைந்துவிட்டால் நாலு பேர். மூங்கில் கழிகள், முளைக்குச்சி மூட்டை, மரச் சுத்தி தனி. அப்புறம் மடக்குக் கட்டில்கள், ஹோல்டால், இரும்புப் பெட்டி, கூஜா, அண்டா, அரிசி, புளி, கருவாடு, மண்ணெண்ணெய் டின். பெட்ரோமாக்ஸ் விளக்கு மட்டும் யாராவது ஒருவர் மடியில் பிள்ளையைப்போல உட்கார்ந்து வரும். அப்படியும் அதன் மேண்டில் மலைப்பாதையில் எங்கேயோ உதிர்ந்திருக்கும். "காட்டுக்கு வந்தால்தான் மனுஷனுக்கு எவ்வளவு கம்மியாத் தேவைன்னு தெரியுது" என்று பெரியப்பா கட்டிலில் சாய்ந்தபடி சொல்வார். இரண்டாவது வண்டியில் இன்னும் பாதிச் சாமான் இறங்காமல் இருக்கும்.

டேரா அடிக்கும் இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் தடம் பார்க்க வந்த இருளர் பெரியவர். பெரியப்பாவின் கண் எப்போதும் ஓடைக்கரையில்தான் நிற்கும்: மணல் மெத்தென்று இருக்கிறது, தண்ணீர் பக்கம், காட்சியும் அழகு. கிழவர் தலையாட்டுவார். மேலே ஊட்டியில் மழை கொட்டினால் இங்கே வெயிலடிக்கும்போதே ஓடையில் வெள்ளம் வரும். மூங்கில் புதர் நிழலா? யானை மேய வருகிற இடம், வேண்டாம். தண்ணீர்க் குட்டையை ஒட்டியா? "தண்ணிக்குப் பக்கத்துலயே நாம படுத்துக்கிட்டா, குடிக்க வர்றவங்க எங்க போவாங்க சாமி?" அகலமாக, புல் அமுங்கி, உருண்டையான சாணம் கிடக்கிற பாதை என்றால் அதில் கால் வைக்காமலே கைத்தடியால் ஒரு கோடு இழுப்பார். "இது பெரியவரு போற வழி." யானையைத்தான் அப்படிச் சொல்வார். அதோடு பேச்சு முடிந்தது.

கடைசியில் அவர் காட்டுவது பார்க்கச் சுமாரான ஒரு மேடாக இருக்கும். தலைக்கு மேல் பட்ட கிளை இருக்காது. அடுப்புப் புகை டேராவுக்குள் வராதபடி காற்றுத் திசை பார்த்து அடுப்புக்கு இடம் குறிப்பார். மழைத் தண்ணீர் வழிந்தோட டேராவைச் சுற்றிச் சின்ன வாய்க்கால் வெட்டச் சொல்வார். சாப்பாட்டுச் சாமானைப் படுக்கிற இடத்தில் வைக்க விடமாட்டார். இரவெல்லாம் தீ அணையாமல் பார்த்துக்கொள்வதும் அவர்தான்.

பெரியப்பாவைவிட அவருக்குப் பத்து வயதாவது கூட இருக்கும். பகலில் பெரியப்பா அவரை "ஏய், இங்க வா" என்றுதான் கூப்பிடுவார். பொழுது சாய்ந்து, எங்கோ ஒரு கிளை முறிகிற சத்தம் கேட்டதும், "என்னங்க அது? கொஞ்சம் பாருங்க" என்று மரியாதை தானாக வந்துவிடும். விடிந்ததும் அது போய்விடும்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் பெரியப்பா ஒரு புள்ளிமான் கிடாயின் பக்கத்தில் காலை ஊன்றி நிற்கும் போட்டோ வெகுகாலம் தொங்கியது. தோட்டா பெரியப்பாவுடையது. குறி அந்த இருளர் பெரியவருடையது. போட்டோவில் அவர் இல்லை. டேராவைக் கட்டியவர்கள் யாருமே அதில் இல்லை.

1970இல் புலி வேட்டைக்குத் தடை வந்தது. 1972இல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதில் மிச்சமிருந்த வேட்டை லைசென்ஸுக்கும் 1991 திருத்தம் முற்றுப்புள்ளி வைத்தது. பெரியப்பா சட்டத்தைத் திட்டினார். ஆனால் அவரைப்போலச் சுடப் போனவர்களிலேயே மனம் மாறியவர்கள் உண்டு. குன்னூர் வழக்கறிஞர் இ.ஆர்.சி. டேவிதார் துப்பாக்கியை வைத்துவிட்டு, நீலகிரியின் யானை வழித்தடங்களை ஆராய்ந்து எழுதினார். எங்கள் வீட்டுத் துப்பாக்கியும் பிறகு சாதுவாகிவிட்டது. தேர்தல் வந்தால் மட்டும் வெளியே கிளம்பி, போலீஸ் ஸ்டேஷனில் போய்த் தங்கிவிட்டுத் திரும்பும்.

இப்போது பேரன் காலம். அவனும் நண்பர்களும் காட்டோரத்துப் பட்டா நிலத்தில் நடக்கும் ஒரு முகாமுக்கு என்னையும் கூட்டிப்போனார்கள். உடை அசல் வேட்டைக்காரர்களுடையது: பச்சைத் திட்டுச் சட்டை, ஏகப்பட்ட பை வைத்த பேண்ட். துப்பாக்கி இருந்த இடத்தில் முழங்கை நீள லென்ஸ். மொத்த டேராவும் ஒரு கைப்பையில் அடங்கிவிட்டது. ஃபைபர் கம்பியைக் கோத்தால் குடைபோல எழுந்து நிற்கிறது. நாலு பேர் படுக்கலாம் என்று பையில் போட்டிருந்தது. சாமான் இல்லாமல், புரளாமல் படுக்கும் நாலு பேரை மனதில் வைத்து அளந்திருப்பார்கள்போல. எங்களில் இரண்டு பேர்தான் கொண்டோம். கான்வாஸின் கனம் போய், பவர் பேங்க், டிரோன், ஸ்பீக்கர், ஐஸ் பெட்டி என்று வேறு கனம் வந்திருந்தது. இதைக் கொண்டுவரவும் இரண்டு ஜீப் ஆயிற்று. "ஆஃப்லைன்ல இருக்கத்தான் தாத்தா வந்தோம்" என்றான் பேரன், சிக்னல் தேடிக் கையை உயர்த்தியபடி.

டேராவை விரித்தது ஓர் இருளர் இளைஞர். பனியனில் முகாமின் பெயர் அச்சிட்டிருந்தது. இடத்தை முடிவு செய்தது அவர் இல்லை. காட்சி நன்றாக இருக்கும் இடம் என்று நிர்வாகம் முன்பே திண்ணை கட்டி, எண் போட்டு வைத்திருந்தது. மூங்கில் பக்கம், தண்ணீர் பக்கம், பாட்டுச் சத்தம் வேறு. பாதையில் கிடந்த சாணத்தைப் பார்த்துவிட்டு அவரிடம் மெல்லக் கேட்டேன். "ஆமாங்கய்யா, வர்ற வழிதானுங்க. சொன்னேன். கேக்கலீங்க" என்றார்.

கைத்தடியால் ஒரு கோடு இழுத்து முடிந்த விஷயம் இப்போது உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருக்கிறது. யானை வழித்தடத்தில் இருந்த நீலகிரி விடுதிகளுக்கு 2018இல் அதன் உத்தரவுப்படி சீல் வைத்தார்கள். அந்த வழித்தடம் சட்டப்படி செல்லும் என்று 2020இல் தீர்ப்பும் வந்தது. 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில், ஒரு சுற்றுலா முகாமில் டேராவில் தங்கியிருந்த பெண்ணை யானை கொன்றுவிட்டது. அதற்குப் பிறகும் விளம்பரங்களில் 'வனத்தின் மடியில் ஓர் இரவு' குறையவில்லை.

பெரியப்பா காலத்து வேட்டை ஒழிந்தது நல்லதுதான். அதற்காக யாரும் அழ வேண்டியதில்லை. ஆனால் காட்டு உயிர்களைச் சுட வந்தவர், தன் பயத்தினாலாவது, இருட்டியதும் இருளர் பேச்சைக் கேட்டார். அவற்றை ரசிக்க வருகிற நாம் அதைக்கூடக் கேட்பதில்லை. இனி காட்டோரம் தங்கப் போகிறவர்கள் டேராவின் எடையையும் விலையையும் விசாரிப்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். டேரா கட்டுகிற ஆளை உட்கார வைத்து, "இந்த இடம் சரிதானுங்களா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் முன்பணம் போனாலும் பரவாயில்லை, ஊருக்குத் திரும்பிவிடுங்கள்.